முகிலில் நிற்கும் பெண்களுக்கு

சீகிரியாப் பாறையின் மேற்கு முகத்தில், இடுப்புக்குக் கீழே முகில் மறைக்க நிற்கும் பெண்களே,

உங்களுக்கு எழுதுகிறவர்களில் நான் முதல் ஆள் அல்ல. 1,000, 1,200 ஆண்டுகளுக்கு முன்பே உங்களை அண்ணாந்து பார்த்து, பக்கத்திலிருந்த சுவரில் எழுத்தாணியால் கீறி, பெயரும் ஊரும் போட்டு, பேச வேண்டியதைப் பேசிவிட்டு இறங்கிப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். நான் தமிழில் எழுதுகிறேன். கணவருக்குத் தம்புள்ளைப் பொருளாதார மையத்தில் மரக்கறி வியாபாரம். எனக்கு மாத்தளைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிற வேலை. குடியிருப்பது தம்புள்ளையில். இங்கிருந்து இனாமலுவச் சந்தியால் திரும்பி வந்தால் உங்கள் பாறைக்கு 20 கிலோமீற்றர்கூட இல்லை. வானம் தெளிந்த நாளில் தம்புள்ளை விகாரைப் பாறையில் ஏறினால் நீங்கள் இருக்கும் மலை தனியாக எழுந்து நிற்பது தெரியும். இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, உங்களால் எனக்குக் கிடைத்த ஒன்றுக்கு இன்னும் நன்றி சொல்லாமல் இருக்கிறேன். அதற்காகவே இந்த மடல். யாரும் படிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன்.

பழைய கிரேக்கர்களுக்குப் பாட்டையும் கதையையும் ஆடலையும் அருளும் தெய்வங்கள் ஒன்பது பேர். மியூசுகள் என்று அவர்களைச் சொல்வார்கள். தேவர் தலைவன் சியூசுக்கும் நெமோசினிக்கும் பிறந்த பெண்கள். தாய் நெமோசினி நினைவாற்றலின் தேவி. காலியோப்பி பெருங்காப்பியத்துக்கு, கிளியோ வரலாற்றுக்கு, தெர்ப்சிகோரி ஆடலுக்கு, யுரேனியா வானியலுக்கு என்று ஆளுக்கொரு துறையைப் பிற்காலத்தார் பங்கிட்டுக் கொடுத்தார்கள். கி.மு. 700ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஹெசியோட் என்ற புலவன், தான் ஹெலிக்கன் மலையடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது இவர்கள் வந்து மரக்கொம்பு ஒன்றைக் கையில் கொடுத்து, பாடும் குரலையும் உள்ளே ஊதிவிட்டுப் போனதாகச் சொல்கிறான். ஹோமரின் காப்பியங்களும் இத்தேவியை அழைத்துத்தான் தொடங்குகின்றன. கோபமும் உண்டு இவர்களுக்கு. மியூசுகளே வந்தாலும் பாட்டில் வெல்வேன் என்று பெருமை பேசிய தாமிரிஸ் என்ற பாணனிடமிருந்து பாட்டையே பறித்துக்கொண்டார்கள் என்று இலியட் கூறுகிறது.

நமக்கு வாணி. நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் அவளுக்கு உரியவை. எங்கள் பாடசாலைகளில் வாணி விழா என்றால் பிள்ளைகள் அவலுக்கும் கடலைக்கும் காத்திருப்பார்கள். ஆனாலும் சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாட்டையும் பாடமாக்கி, கொப்பியைப் பாராமல் பாடி முடித்த பிறகுதான் கை நீட்டுவார்கள். விசயதசமியன்று சின்னஞ்சிறுசுகளுக்கு ஏடு தொடக்குவோம். அந்த மாலை பிறந்த வரலாறு உங்களுக்குத் தெரிய வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் பேசவில்லை. திருச்செந்தூர் முருகன் சந்நிதியில்தான் அவருக்குப் பேச்சு வந்தது என்பது மரபு. வளர்ந்து துறவியாகிக் காசிக்குப் போனார். அங்கே மடம் அமைக்க இடம் வேண்டும் என்றால் ஆட்சியாளரோடு பேச வேண்டும். ஆட்சியாளரின் மொழி இந்துஸ்தானி. அதை அருளும்படி கலைமகளை வேண்டிப் பாடியதுதான் அந்தப் பத்துப் பாட்டும். மொழி வந்தது, பேசினார், மடமும் எழுந்தது என்கிறது வரலாறு.

தமிழில் அவருக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த மனிதரின் மொழியைத்தான் அவர் அவளிடம் கேட்டார். வாணி விழாவில் பிள்ளைகள் பாடும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் நெஞ்சில் நிற்கும். ஏனென்றால் அதே கொடையை எனக்குத் தந்தவர்கள் நீங்கள். சிங்களத்தை எனக்குத் தந்தீர்கள்.

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். சிங்களம் எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. சந்தையில் விலை பேசத் தெரியும், பஸ்ஸில் இறக்கம் சொல்லத் தெரியும். ஆனால் எழுத்தில் அது எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் கடுதாசியாகத்தான். ஏதாவது ஒரு கந்தோரிலிருந்து தபால் வந்தால் அம்மா அதைப் பிரிக்காமலே முந்தானையில் முடிந்துகொண்டு பெரிய கிளாக்கர் வீட்டு வாசலுக்குப் போவார். அவர் படித்துச் சொல்லும்வரை அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். அந்த வட்ட வட்ட எழுத்துகளுக்குள் எங்களைப் பற்றி ஏதோ முடிவாகியிருக்கும். அந்த எழுத்தில் ஒரு மனிதன் அழகைக் கண்டு திகைத்து நின்றிருப்பான் என்றோ, ஒரு பெண் தன் ஆற்றாமையைச் சொல்லியிருப்பாள் என்றோ எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். எப்படியென்று பின்னால் எழுதுகிறேன். அதற்கு முன், உங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசை.

நீங்கள் யார் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போனதில்லை. கலாவெவவைக் கட்டிய தாதுசேன மன்னனிடமிருந்து அரசைப் பறித்த மகன் காசியப்பன், 477 முதல் 495 வரை இந்தப் பாறையைத் தலைநகராக்கி ஆண்டான். அவன் காலத்து ஓவியம் நீங்கள் என்பதே பொதுவான முடிவு. தொல்பொருள் ஆணையாளராக இருந்த எச்.சி.பி. பெல், நீங்கள் அரண்மனைப் பெண்கள், தோழியரோடு பக்கத்துப் பிதுரங்கல விகாரைக்குப் பூத்தட்டு ஏந்திப் போகிறீர்கள் என்றார். நம்மவர் ஆனந்த குமாரசுவாமி உங்களை அப்சரசுகள் என்றார். செனரத் பரணவிதான, பொன்னிறத்தவர்கள் மின்னல், கருநிறத்தவர்கள் முகில் என்று விளக்கம் எழுதினார். எனக்கு மூன்றுமே பிடிக்கும் என்றாலும், பிள்ளைகளிடம் பரணவிதானவின் விளக்கத்தைத்தான் முதலில் சொல்வேன். வடகீழ்ப் பருவமழை இறங்கும் மாதங்களில் உங்கள் மலையைப் பார்த்தவர்களுக்கு அதை நம்பாமல் இருப்பது கடினம்.

இன்று உங்களில் இருபது சொச்சம் பேர் மட்டுமே மிஞ்சியிருக்கிறீர்கள், காற்றும் மழையும் எட்டாத அந்தப் பொந்தில். முன்பு பாறை முகம் முழுவதும் நீங்கள் இருந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 140 மீற்றர் நீளத்துக்கும் 40 மீற்றர் உயரத்துக்கும் ஓவியம் பரந்திருந்தது என்பது ஒரு கணக்கு. 500 பெண்கள் என்று சுவரில் கீறியவர்களில் ஒருவர் குறிப்பிடுகிறார். அத்தனை பேரையும் அண்ணாந்து பார்த்த கண்களை நினைக்கிறேன். பொறாமையாகத்தான் இருக்கிறது.

உங்களை வரைந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு. இவ்வளவுதான் அவர்களிடம் இருந்த வண்ணம். நீலம் கிடையாது. நீலமில்லாமல் வானத்தில் நிறுத்தினார்கள் உங்களை. உங்களில் ஒருத்திக்கு மூன்றாவது கை ஒன்றின் கோடு தெரிகிறது. ஓவியர் முதலில் ஒருவிதமாகக் கையை வரைந்து, மனம் ஒப்பாமல் மாற்றி வரைந்திருக்கிறார். காலம் மேற்பூச்சைத் தேய்க்கத் தேய்க்கப் பழைய கை வெளியே வந்துவிட்டது. கட்டுரை எழுதும்போது அடித்து அடித்து எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் அந்தக் கையைத்தான் காட்டுவேன். 1,500 ஆண்டு பழைய அந்தத் தயக்கத்தைப் பார்த்தவுடன் பிள்ளைகளுக்கு ஓவியர் மேல் ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது.

இனிச் சுவர். உங்களுக்குக் கீழே பாறையை ஒட்டிப் போகும் நடைபாதையின் வெளிப்புறத்தில் எழுந்து நிற்கும் அந்தச் சாந்துச் சுவரைக் கண்ணாடிச் சுவர் என்கிறோம். ஒரு காலத்தில் முகம் தெரியும் அளவுக்கு அதை மெருகேற்றி வைத்திருந்தார்களாம். காசியப்பன் போய், தலைநகர் திரும்பவும் அநுராதபுரத்துக்கு மாறி, சீகிரியா பிக்குகளின் உறைவிடமான பிறகு, உங்களைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பார்த்தார்கள். பார்த்ததோடு இறங்கிப் போக அவர்களால் முடியவில்லை. எழுதினார்கள். பரணவிதான 685 பாட்டுகளைப் படித்துப் பதிப்பித்தார். பெரும்பாலானவை 8ஆம் நூற்றாண்டு தொடங்கி 10ஆம் நூற்றாண்டு வரையிலானவை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இன்னும் பலவற்றைப் படித்துச் சேர்த்திருக்கிறார்கள். சிங்களத்தில் அவற்றுக்குக் குறுட்டு கீ என்று பெயர். அந்த நூற்றாண்டுகளின் சிங்களக் கவிதை என்று நம் கையில் இருப்பது மிகக் குறைவு. அந்த இடைவெளியை நிரப்பி நிற்பது இந்தச் சுவர்.

அதே நூற்றாண்டுகளில் நம் பக்கம் யார் பாடிக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். சம்பந்தர் பாடி முடித்திருந்தார். இந்தத் தீவின் திருக்கோணமலைக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் அவர் பதிகம் இருந்தது. சுந்தரரும் கேதீச்சரத்தைப் பாடினார். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து நாயன்மார் இத்தீவின் கோயில்களைப் பாடிய அதே யுகத்தில், தீவின் நடுவே ஒரு பாறையில் பெயர் தெரியாத பயணிகள் உங்களைப் பாடியிருக்கிறார்கள். பதிகங்களைக் கோயிலும் ஓதுவாரும் காத்தார்கள். உங்கள் பாட்டுகளை ஒரு சுவர்தான் காத்தது.

எழுதியவர்கள் யாரென்று பாருங்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள், இப்போது இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பிக்குகள் இருக்கிறார்கள். படைவீரர்கள் இருக்கிறார்கள். பிரபு குடும்பத்தவர்கள், எழுத்தறிந்த சாதாரண ஆட்கள், பெண்கள். பலர் தாம் இன்னார், இன்ன இடத்தவர், இதை எழுதியவர் தாம்தான் என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குகிறார்கள். ஹெலிக்கன் மலையில் மியூசுகள் ஒரு ஆட்டிடையனைத் தெரிந்தெடுத்தார்கள். நீங்கள் யாரையும் தெரிந்தெடுக்கவில்லை. ஏறி வந்த எல்லோருக்கும் கொடுத்தீர்கள். அதில் நல்ல பாட்டும் இருக்கிறது, சுமாரானதும் இருக்கிறது. யாப்புத் தட்டுகிறவர்களுக்கும் சுவரில் இடம் கிடைத்திருக்கிறது. தாமிரிஸைப் போல யாருடைய பாட்டையும் நீங்கள் பறித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் என்ன பேசினார்கள்? அதிகம் பேர் முறையிடுகிறார்கள். இவ்வளவு தூரம் ஏறி வந்தும் வாய் திறக்கவில்லையே என்று வருந்துகிறார்கள். கல்லில் நிற்பதால் நெஞ்சும் கல்லாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். பொன்னிறத்தவளில் மயங்கியவர் ஒரு பக்கம், கருங்குவளை நிறத்தவளை மறக்க முடியாதவர் இன்னொரு பக்கம். அரசன் போய்விட்ட பிறகு யாருக்காக இன்னும் நிற்கிறீர்கள் என்று இரங்குகிறவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பெண் எழுதியது. வந்து நின்று மண்டையைக் குடைந்து பாட்டுக் கட்டுகிற ஆண்களை அவள் ஒரு பிடி பிடிக்கிறாள். இத்தனை பேர் வந்தார்களே, இவர்களும் பெண்கள்தானே என்று நினைத்துக் குடிக்கவோ இனிப்பாகத் தின்னவோ ஒருவராவது ஏதாவது கொண்டுவந்தார்களா என்பது அவள் கேள்வி. இதை முதன்முதல் கேட்டபோது எனக்கு எங்கள் லயத்துப் பெண்கள் பீலிக்கரையில் பேசுவதுபோலவே இருந்தது. அதே சூடு.

அதை எனக்குப் படித்துக் காட்டியவர் பக்கத்து வீட்டு அக்கா. சிங்களம் படிப்பிக்கிற ஆசிரியை. நான் அவரை அக்கா என்றே அழைப்பேன், அவர்கள் மொழியிலும் அது அக்காதான். ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் பாடப்புத்தகத்தில் இருந்த குறுட்டு கீ ஒன்றைச் சத்தமாகப் படித்தார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. என் சிங்களம் அவ்வளவுதான் போலும் என்று எண்ணினேன். அக்கா சிரித்தார். தனக்கும் நேரே விளங்காது, இது 1,000 ஆண்டுக்கு முந்திய சிங்களம், உரை பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்றார். பிறகு புத்தகத்தை இருவருக்கும் நடுவில் வைத்தார். சொல் சொல்லாக உடைத்து, உரையைப் பார்த்து, இது வடமொழியிலிருந்து வந்ததாக இருக்கும், இது உங்கள் தமிழிலும் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் போனோம்.

அந்தப் பின்னேரத்துக்காகத்தான் இந்த மடல். உங்கள் சுவரின் முன்னால் அக்காவும் பாதி அயலவர், நானும் பாதி அயலவள். யாருடைய வீட்டிலும் யாரும் விருந்தாளி இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளாக்கர் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அந்த வட்ட எழுத்துக்குள் முதன்முதலாக ஒரு பெண்ணின் குரல் எனக்குக் கேட்டது, அதுவும் சண்டை பிடிக்கிற குரல். அதன் பிறகு நான் சிங்களத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதை விட்டு உண்மையிலேயே படிக்கத் தொடங்கினேன். இப்போது நாவல் வாசிக்கிறேன். அக்கா என்னிடம் பதிகம் கேட்டுப் பொருள் எழுதி வைத்துக்கொள்கிறார்.

பரணவிதான அந்தச் சுவர்ப் பாட்டுகளைப் பதிப்பித்த இரண்டு பெரிய தொகுதிகளும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தால் வெளிவந்த ஆண்டு 1956. அந்த ஆண்டை எங்கள் வீடுகளில் தனிச் சிங்களச் சட்டத்துக்காக நினைவு வைத்திருக்கிறோம். அந்த நினைவு மறையாது, மறையவும் கூடாது. ஆனால் அதே ஆண்டில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறப்பட்டு, மழையில் தேய்ந்து, நூல் அளவு கோடாகிப்போன எழுத்துகளைப் பல காலம் பொறுமையாகப் படித்த ஒரு மனிதர், ஒரு மொழியைப் பேசிய சாதாரண மக்களின் வியப்பையும் ஏக்கத்தையும் உலகத்தின் முன் வைத்தார். சட்டத்தில் எனக்குக் கிடைக்காத சிங்களம் அந்தப் புத்தகத்தின் வழியாகக் கிடைத்தது. அவருக்கும் நன்றி சொல்கிறேன், உங்கள் ஊடாக.

நாள்தோறும் பாடசாலைக்குப் போகும் பஸ் ஏ9 பாதையில் அலுவிகாரையைக் கடக்கும். நெமோசினியை நான் நினைத்துக்கொள்வது அங்கேதான். புத்தர் சொன்னதை நூற்றாண்டுக் கணக்காகப் பிக்குகள் மனனம் செய்து வாயால் மட்டுமே காத்து வந்தார்கள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் போரும் கடும் பஞ்சமும் வந்தபோது, மனனம் செய்தவர்கள் செத்துப்போனால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சி, அந்தப் பாறைகளுக்கு நடுவே உட்கார்ந்து முழுவதையும் ஓலையில் எழுதினார்கள். வலகம்பா மன்னன் காலம் அது. தென்னிந்தியத் தமிழ்த் தலைவர்களின் படையெடுப்பால் அரசிழந்து, ஒளிந்து திரிந்து, மீண்டும் அரியணை ஏறியபின் தம்புள்ளைக் குகைகளை விகாரையாக்கியவனும் அவனே என்பது மரபு. நாங்கள் வசிக்கும் ஊரின் விகாரை வரலாறு நம்மவர் ஒருவகையில் நுழைகிற இடத்தில் தொடங்குகிறது. பிறகு 18ஆம் நூற்றாண்டில் அந்தக் குகைகளின் ஓவியங்களைப் புதுப்பிக்கச் செய்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். ஐந்து குகைகளிலும் சேர்த்து 2,100 சதுர மீற்றர் ஓவியம். இவற்றையெல்லாம் தனித்தனிப் பாடமாகப் படிப்பிக்கிற காலம் எப்போது தீருமோ.

அலுவிகாரையின் பழைய ஏடுகளில் பெரும்பகுதி 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அழிந்தது. உங்களுக்கும் அழிவு நேரப் பார்த்தது. 1967ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாரோ இரவில் ஏறி வந்து உங்கள் மேல் பச்சைப் பூச்சைக் கொட்டிவிட்டுப் போனார்கள். உரோமிலிருந்து வந்த லுசியானோ மரன்சி என்ற வல்லுநர், இங்குள்ள தொல்பொருள் திணைக்களத்தாரோடு சேர்ந்து, அங்குலம் அங்குலமாக அதை அகற்றினார். அந்தக் கைகளுக்கும் நன்றி. இன்று உங்கள் பொந்துக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். பிள்ளைகளுக்கு அதில் வருத்தம். எனக்கு மகிழ்ச்சி. கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும் என்பதால் நன்றாகப் பார்க்கிறார்கள்.

ஒன்றை உங்களிடம் மனம் திறந்து சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு பெப்ரவரியில், கிழக்கிலங்கையிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தமிழ் இளம்பெண் உங்கள் சுவரில் தன் பெயரைக் கீறினாள். தம்புள்ளை நீதவான் நீதிமன்றம் அவளுக்கு 2 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. சில வாரங்களில் சனாதிபதி மன்னிப்பு அளிக்க, வெளியே வந்தாள். சுவரைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. இன்று கீறப்படுகிற ஒவ்வொரு கோடும் 8ஆம் நூற்றாண்டு எழுத்து ஒன்றை அறுக்கக்கூடும். அந்த எழுத்து போனால் போனதுதான். ஆனாலும் அந்தப் பிள்ளையை நான் பலமுறை நினைத்துக்கொள்கிறேன். ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, நானும் இங்கே வந்தேன் என்று எழுத அவளுக்கு வந்த ஆசை, உங்கள் முன்னால் நின்ற நூற்றுக்கணக்கானவர்களுக்கு வந்த அதே ஆசை. நீங்கள் கொடுப்பதே அதுதான். அவளுக்கு அந்த நேரத்தில் கையில் ஒரு தாளும், அதில் எழுது பிள்ளை என்று சொல்ல ஒரு ஆளும் இருந்திருந்தால் என்று தோன்றும்.

அதனால்தான் எங்கள் பாடசாலைச் சுற்றுலாவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மலையேறுமுன் ஆளுக்கொரு கொப்பி. உங்களைப் பார்த்து இறங்கியபின், கீழே தோட்டத்து மர நிழலில் உட்கார்ந்து உங்களுக்கு ஒரு பாட்டோ நாலு வரியோ எழுத வேண்டும், பெயரும் ஊரும் முதலில் வர வேண்டும். மேலே சத்தம் போடக்கூடாது என்று பலகை தொங்கும், குளவி கலைந்துவிடும் என்பதால். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குளவி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாமார் கொட்டு வாங்கியவர்கள். ஆகவே மேலே பேசாமல் வருவார்கள். கீழே வந்ததும் பேச்சும் எழுத்தும் ஒன்றாகப் பொங்கும்.

ஒரு வருடம் தரம் 8 பிள்ளை ஒருத்தி, தட்டை ஏந்தி நிற்பவளுக்கு எழுதினாள். எத்தனை காலமாகச் சுமக்கிறீர்கள், எங்கள் அம்மாவுக்குக் கொழுந்துக் கூடையை இறக்க மத்தியானம் ஒரு மணியாவது கிடைக்கிறது, உங்களுக்கு அதுவும் இல்லையா, தட்டை இங்கே தாருங்கள், கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன் என்று. அருகில் நின்ற காவலாளி, இந்தப் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் டீச்சர் என்று சிங்களத்தில் கேட்டார். சுவரைப் பற்றிய கவலையாக இருக்கும் என்று நினைத்து, கொப்பியில்தான் எழுதுகிறார்கள் என்றேன். அது தெரிகிறது, என்ன எழுதியிருக்கிறது என்றார். அந்தப் பிள்ளையின் வரிகளை எனக்கு வந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு தனக்கு மனப்பாடமாக இருந்த குறுட்டு கீ ஒன்றைப் பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் நேராக நின்று சொன்னார். நான் அதைத் தமிழில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அந்தச் சிறுமி அவரிடம், மாத்தயா, இதை எழுதியவர் எந்த ஊர் என்று கேட்டாள். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. குமரகுருபரரை நினைத்துக்கொண்டே மொழிபெயர்த்தேன்.

இந்தத் தவணையில் தரம் 9 பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டு பஸ் பேசியிருக்கிறோம். அதிபரிடம் சொல்லி, அக்காவின் பாடசாலைப் பிள்ளைகளையும் அதே நாளில் வரச் செய்திருக்கிறேன். அவர்கள் சிங்களத்தில் எழுதுவார்கள், எங்களவர்கள் தமிழில், பிறகு கொப்பியை மாற்றிக்கொள்வார்கள். விளங்காத சொல்லை எழுதியவரிடமே போய்க் கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தம். உங்களிடம் சொல்ல வேண்டிய முறைப்பாடுகளைப் பிள்ளைகள் இப்போதே பட்டியல் போடுகிறார்கள். ஒரு பையன் உங்களுக்குத் தின்பதற்கு எள்ளுருண்டை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். மேலே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கீழே வைத்துவிட்டுப் போவேன் என்கிறான்.

இப்படிக்கு,
தம்புள்ளையில் இருக்கும்
ஒரு தமிழாசிரியை